காகிதம்தானே என்கிறவர்களுக்கு

திருச்சி தில்லை நகரில் பெரியப்பா புதுவீடு கட்டிக் குடிபோனபோது ஒரு கோட்டோவியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து ஓர் இளைஞர் நிப் பேனாவால் வரைந்தது. ஈரவேட்டியோடு படியேறும் ஒரு கிழவர், பின்னால் காவிரி என்று சொல்ல நாலே கோடு. பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா காகிதம்தானேடா? எத்தனை நாள் நிக்கும்?" என்றார். கூடத்துச் சுவரில் ஏற்கெனவே மூன்றடி உயரத்தில் தங்க ரேக்கு மின்னும் தஞ்சாவூர்ப் படம் மாட்டியிருந்தது. சுற்றி நின்றவர்களும் அதைப் பார்த்தார்கள், என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பெரியப்பா கள்ளமில்லாமல் கேட்டார். ஆனால் அதே கருத்தை அதிகாரத்தோடு சொல்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன். கித்தானில் தைலவண்ணம் என்றால் சொத்து, பலகையில் தங்கம் என்றால் சொத்து, காகிதத்தில் வரைந்தது ஓவியருக்குப் பயிற்சி, வாங்குகிறவருக்கு நஷ்டம் என்று கண்காட்சிகளில் சொல்கிறார்கள். படத்துக்குச் சட்டம் போடுகிறவர் சொல்கிறார். பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கிறவரே சொல்கிறார். இது தவறு. தவறு என்பதோடு, இந்த ஊருக்கு ஏற்கெனவே பெரிய இழப்பை உண்டாக்கிய தவறு.

முதலில் "நிக்காது" என்பதை எடுத்துக்கொள்வோம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் வைர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சீனச் சுருள் இருக்கிறது. அச்சிட்ட ஆண்டு 868 என்று அதிலேயே இருக்கிறது. விஜயாலயன் தஞ்சையைப் பிடித்த காலத்தை ஒட்டிய காகிதம் அது. பெரிய கோயிலுக்கு இன்னும் கடைக்கால் தோண்டியிருக்கவில்லை. வியன்னாவில் ஆல்பிரெக்ட் டூரர் 1502-இல் நீர்வண்ணத்தில் வரைந்த முயல் இருக்கிறது. மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கும் முன்பு வரைந்தது, மயிர் மயிராக இன்றும் தெரிகிறது.

நம் வீடுகளில் பழுத்துப் பொடிந்துபோகும் காகிதம் எது? செய்தித்தாள், மலிவுப் பதிப்பு, பள்ளி நோட்டு. மரக்கூழில் செய்தவை. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும். காகிதத்தில் அமிலம் ஊறும். மடித்த இடத்தில் ஒடியும். பருத்திக் கந்தலில் செய்த தாளுக்கு அந்த நோய் இல்லை. ஓவியர் நல்ல தாளில் வரைகிறார், நாம் நேற்றைய பேப்பரை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறோம். மையும் அப்படித்தான். கறுப்பு மை புகைக்கரி. ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துக்கு நம் முன்னோர் தடவியதும் அந்தக் கரிதான். வெளுக்காது. வண்ணங்களில் சில வெயிலில் வெளுக்கும், அதை நான் மறுக்கவில்லை. தங்கம் வெளுக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தங்கம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? அடியில் மரப்பலகை. பழைய படங்களில் பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணக்கட்டி மக்கு, மக்கின்மேல் ரேக்கும் கல்லும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு ஸ்ரீரங்கம். ஐப்பசி ஈரத்தில் பலகை ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். மக்குக்கு அந்த நெகிழ்வு கிடையாது, வெடிக்கும். உத்தர வீதிகளின் பழைய வீடுகளில் ராமர் பட்டாபிஷேகத்தின் பாதி மக்கு உதிர்ந்து துணி தெரிவதைப் பார்த்திருக்கிறேன். கரையானுக்குக் காகிதமும் பலகையும் ஒன்றுதான். தஞ்சாவூர் ஓவியத்தின்மேல் எனக்குப் பகை இல்லை, அதைப் பார்த்தே வளர்ந்தவன். நான் சொல்வது, எதுவும் தானாக நிற்பதில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நிற்கிறது.

இதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். கருவறையில் பள்ளிகொண்ட பெரிய பெருமாள் கல் இல்லை, சுதை. அதனால்தான் திருமஞ்சனம் உற்சவரான நம்பெருமாளுக்கு நடக்கிறது, பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு. தண்ணீர் படக்கூடாத ஒரு திருமேனியை ஆற்று நடுவில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவரும் ஊர் இது. "தண்ணீர் பட்டால் போய்விடும், ஆகையால் மதிப்பில்லை" என்று இந்த ஊர்க்காரர் சொல்லலாமா?

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 20 வருஷத்துக்கு முன் ஆசையாக வாங்கிய ஒரு நீர்வண்ணப் படத்தைச் சட்டம் போட ஒரு கடையில் கொடுத்தேன். முழுப் பரப்பிலும் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, ஓரத்தில் செலோ டேப் போட்டு, படம் கண்ணாடியைத் தொடும்படி இறுக்கிக் கொடுத்தார்கள். ஆறு வருஷத்தில் டேப் இருந்த இடம் காப்பிக் கறையானது. கண்ணாடியில் வேர்த்த ஈரம் படத்தில் இறங்கிப் பூசணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்தது. "பாத்தியா, காகிதம்" என்று வீட்டில் சொன்னார்கள். காகிதம் என்ன செய்தது? நாங்கள் செய்ததை அது தாங்கவில்லை, அவ்வளவுதான். மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜப்பான் தாளில் இரண்டு கீல் வைத்து, கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, பருத்தித் தாளில் செய்த அமிலமில்லாத மவுண்ட் அட்டை போட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் நூல் இடைவெளி விட்டிருந்தால் அந்தப் படம் என் பேரனுக்குப் போயிருக்கும். பெரிய செலவு இல்லை. புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது ராமபாணப் பூச்சியை விரட்டத்தான். சுவடிப் பெட்டியில் வசம்பு போட்டதும் அதற்குத்தான். இதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தது. லாமினேஷன் மெஷின் வந்த நாளில் மறந்துவிட்டோம். அருங்காட்சியகங்கள் காகித ஓவியத்தைச் சில மாதம் மங்கிய வெளிச்சத்தில் வைத்துவிட்டு, பிறகு சில வருஷம் இருட்டு இழுப்பறையில் ஓய்வு கொடுக்கும். வீட்டிலும் அது முடியும். நாலு படம் வைத்திருந்தால் இரண்டை மாட்டலாம், இரண்டை உள்ளே வைக்கலாம்.

இனி, நான் இழப்பு என்று சொன்னதற்கு வருகிறேன்.

1801-இல் கர்நாடகப் பகுதி கம்பெனி கைக்கு வந்தபின் திருச்சிராப்பள்ளி பெரிய ராணுவ முகாமாக இருந்தது. இங்கே அந்த நூற்றாண்டின் முதல் பாதியில் ஓர் ஓவியக் கூட்டம் காகிதத்தில் வேலை செய்தது. தெய்வங்கள், வாகனப் புறப்பாடு, தொழில் செய்கிறவர்கள் என்று ஆல்பம் ஆல்பமாக வரைந்தார்கள். இந்த ஊர்ப் பெயரோடு, 1820-களை ஒட்டிய தெய்வப் படங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகத்தின் தென்னிந்திய ஓவியங்களுக்கு அன்னா தல்லாபிக்கோலா 2010-இல் தனியாகவே ஒரு பெரிய அட்டவணை நூல் கொண்டுவந்தார். காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை அந்த ஓவியர்கள். காக்காப்பொன் தகட்டில், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய அபிரகத் தகட்டில், வரைந்தார்கள். முகம் மட்டும் வரைந்த ஓர் அட்டை இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு தகடாக வைத்தால் அதே முகம் ஒருமுறை சிப்பாயாகும், ஒருமுறை சந்நியாசியாகும். அப்படிப்பட்ட செட்டுகள் உண்டு. திருச்சிராப்பள்ளி அந்தத் தொழிலுக்கு இந்தியா முழுக்கப் பெயர்பெற்ற ஊர்களில் ஒன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. நான் அவற்றை முதலில் பார்த்தது கணினித் திரையில்தான். மலைக்கோட்டை நிழலில் பிறந்து வளர்ந்தவனுக்கு 40 வயது வரை இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

திருச்சிச் சுருட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் அதன் சாம்பல் துப்பாக வருகிறது என்று பெருமையாகச் சொல்வோம். புகையாகிப் போனதை ஞாபகம் வைத்திருக்கிறோம். தாளில் நின்றதை மறந்துவிட்டோம்.

இதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பதிலும் எனக்குத் தெரியும். "அது கம்பெனி ஓவியம். வெள்ளைக்காரத் துரைகளும் அவர்கள் மனைவிமாரும் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய கடைவீதிச் சரக்கு. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். அதில் கலை எங்கே? அது எப்படி நம்முடையது?"

திரும்பத் திரும்பப் போட்டது குற்றமென்றால் நடராஜர் செப்புத்திருமேனி அத்தனையும் குற்றம். தஞ்சாவூர்ப் பலகையில் தவழும் கிருஷ்ணர் எத்தனை வீட்டில் அதே தொப்பையோடு இருக்கிறார்! இலக்கணம் தெரிந்த கை ஒரே உருவத்தை மறுபடி செய்வதை நாம் என்றைக்குமே இழிவாக நினைத்ததில்லை. அதுவும் அந்தக் கைகள் வேறுவேறு இல்லை. தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் பலகையில் தங்க ரேக்கு வைத்தவர்கள் தெலுங்கு பேசும் ராஜு குடும்பங்கள். காகித வேலையும் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவர்கள் கையிலிருந்துதான். பலகையில் போட்டால் பூஜை அறைக்கு ஆகும், தாளில் போட்டால் கடைவீதிச் சரக்கு என்பது என்ன கணக்கு?

பணம் கொடுத்தவர் யார் என்பதை வைத்து ஓவியம் யாருடையது என்று தீர்ப்பதும் சரியில்லை. நாகப்பட்டினத்து விகாரத்தை எடுப்பித்தது ஸ்ரீவிஜய அரசர். அதனால் அதில் வேலை செய்த கல்தச்சரைக் கடல்கடந்தவர் என்று சொல்லுவோமா? ஆனைமுகனுக்கு எந்தக் கையில் பாசம், எந்தக் கையில் அங்குசம் என்று கேப்டன் துரையா சொல்லிக்கொடுத்தான்? அவன் தெரிந்துகொள்ளத்தானே வாங்கினான். சொல்லிக்கொடுத்தவர் வரைந்தவர்.

ஜாதி, தொழில் என்று கணவன் மனைவியாக நிறுத்தி வரைந்த வரிசைகளில் எனக்கும் மனக்குறை உண்டு. மனிதரைப் பூச்சி வகை பிரிப்பதுபோல் பிரிக்கும் ஆட்சியின் ஆசை அதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் கையில் ஒரு கருவியோடு, தன் பெயரில்லாமல் நிற்கிறார். ஆனாலும் அதே தாளில் அந்தக் கருவியின் பிடி எப்படி வளைந்திருந்தது, சேலையின் கரை எவ்வளவு அகலம், கொசுவம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருக்கிறது. புகைப்படக் கருவி இந்த ஊருக்கு வருமுன் அதைக் குறித்துவைத்தது வேறு எது? 1858-இல் லின்னேயஸ் டிரைப் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் எடுத்தார். அந்த ஆல்பங்களும் காகிதமே. அவருக்கு முந்தைய 50 வருஷத்து முகங்களுக்கு நம்மிடம் இருக்கும் சாட்சி பெயர் தெரியாத அந்த ஓவியர்கள்தான்.

பெயர் தெரியாமல் போனதும் தானாக நடந்ததில்லை. வேலூர் எல்லப்பாவின் பெயர் நிலைத்திருக்கிறது, தான் உட்கார்ந்து வரைவதைத் தானே வரைந்து வைத்ததால். 2019-இல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் அமைத்த கண்காட்சியில் அவர் பெயர் சொல்லப்பட்டது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்குத் தென்னாட்டுச் செடிகொடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் நிற்கிறது, அவர்கள் தாள்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் எண்போட்டு அடுக்கியிருப்பதால். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். தாளை வைத்திருந்த இடத்தில் பெயரும் தங்கியது. இங்கே தாளே தங்கவில்லை. காகிதம்தானே என்று எடைக்குப் போட்டோம், அல்லது கேட்டவருக்குக் கொடுத்தோம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த ஓவியத்தை இன்று நாட்டைவிட்டு வெளியே விற்கமுடியாது. ஆனால் வாசலில் வரும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதை எந்தச் சட்டம் தடுக்கும்? காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் நம்முடையவை. அதே வீடுகளிலிருந்துதான் அவை போயின.

அடுத்தது, காகிதத்தில் வரைவது பெரிய ஓவியத்துக்கு முன்னேற்பாடு என்ற எண்ணம். இதற்குத் துறையூர் வட்டத்தின் கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஒருவரே போதும். கே.எம். ஆதிமூலம். சென்னை ஓவியக் கல்லூரியில் தனபால், பணிக்கர் காலத்தில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் காந்தியையே நூறு அளவில் கோட்டோவியங்களாக வரைந்து வைத்தார். அந்தக் காந்திகளில் ஒன்றை நேரில் பார்த்தவர்கள் அதை முன்னேற்பாடு என்று சொல்லமாட்டார்கள். பேனா எங்கே அழுந்தியது, எங்கே தாளைத் தொட்டும் தொடாமலும் போனது என்று தெரியும். தைலவண்ணத்தில் பிழை வந்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். மையில் அதற்கு வழியில்லை. அந்தக் காந்தியின் தோளெலும்பு ஒரே மூச்சில் வந்திருக்கிறது, வராவிட்டால் தாள் குப்பைக்கு. ஆதிமூலம் பிற்காலத்தில் பெரிய கித்தான்களில் வண்ணமாகவே வாழ்ந்தார், அவையும் அழகுதான். ஆனால் தமிழ் வாசகர் அவரைத் தெரிந்துகொண்டது கோட்டில். நடை, கசடதபற போன்ற சிற்றிதழ்களில், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யோடு. அந்த இதழ்த் தாள் இன்று தொட்டால் ஒடிகிறது. அவர் நல்ல தாளில் வரைந்த மூலம் அப்படியே இருக்கிறது.

"பத்திரிகைப் படம்தானே" என்று இதிலும் ஓர் இளக்காரம் உண்டு. ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேனாவால் வரைந்தார். பத்திரிகைக்கு என்பதால் அவர் கண் குறைவாகப் பார்த்ததா?

செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கும் எட்சிங் போன்ற பதிப்போவியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஜெராக்ஸ் என்று நினைக்கிறார்கள். தகட்டைச் செய்தவரும் ஓவியர், மை ஏற்றி அழுத்துவதும் பெரும்பாலும் அவரே. இத்தனை பிரதியில் இது இத்தனையாவது என்று பென்சிலால் எண்ணெழுதிக் கையெழுத்திடுவார். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்திருக்கிறார்.

வசதியில்லாத இடத்தின் சமரசம்தான் காகிதம் என்று சொல்கிறவர்களை லெபனானைப் பார்க்கச் சொல்வேன். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர், 2006-இல் மறுபடி குண்டு. அந்த நாட்டின் முதன்மையான கலையில் பெரும்பங்கு காகிதத்தில்தான் நடந்திருக்கிறது. லோர் குரையிப் கவிஞர், பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதியவர். கறுப்பு மையில் எறும்பு வரிசைபோல் உருவமும் எழுத்துமாகத் தாளை நிரப்பிப் போர்க்காலத்தை வரைந்தார். 2006-இல் அவர் மகன் மாசென் கெர்பாஜ் குண்டு விழும் நாட்களில் அன்றன்றைக்கு வரைந்தார். கித்தானை நீட்டிக் கட்டி எண்ணெய் காயக் காத்திருக்கும் வாழ்க்கை இல்லை அது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரையலாம், சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாடியிறங்கலாம். பெய்ரூத்தில் பிறந்த எதெல் அத்னான் விசிறிபோல் மடியும் ஜப்பானியத் தாள் புத்தகங்களில் மையும் நீர்வண்ணமுமாக அரபுக் கவிதைகளைப் பிரதியெடுத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் தன் ஊர் எழுத்தைச் சரியாகக் கற்காதவர் அவர். எழுதத் தெரியாத மொழியை வரைந்து சேர்த்துக்கொண்டார். நம் வீட்டு ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. உலகம் அவர் ஓவியத்தைக் கவனித்தது 2012-இல், காசெல் நகரத்து டாக்குமெண்டாவில், அவருக்கு 87 வயதில்.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகம் வெடித்தபோது சுர்சோக் அருங்காட்சியகத்தின் கண்ணாடிகள் சிதறின. நிக்கோலா சுர்சோக்கை வான் டோங்கன் வரைந்த தைலவண்ண ஓவியம் கிழிந்தது. கித்தான்தான், தைலவண்ணம்தான். பாரிஸுக்கு எடுத்துப்போய்த் தைத்துச் சரிசெய்தார்கள். கவனித்தார்கள், மீண்டது.

யாழ்ப்பாணத்தை எடுத்துச் சொல்லி என்னை மடக்கலாம். 1981-இல் நூலகம் எரிந்ததே, 97,000 நூல்கள் காகிதம் என்பதால்தானே சாம்பலாயின? எரிந்தது உண்மை. ஆனால் எரித்தவர்கள் காகிதத்தை அற்பமென்று நினைத்து எரிக்கவில்லை. பின்னால் வந்த போரில் கல்லும் காங்கிரீட்டுமாய் நின்ற வீடுகள் தரைமட்டமாயின. 2011-இல் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லி வாங்கி, கட்டடக் கலைஞரின் படத்தோடும் தன் ஓவியத்தோடும் சேர்த்து, முற்றுப்பெறாத தோம்பு (நிலப் பதிவேடு) என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாக்கினார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே. கல்வீடு போய்விட்டது. அது இருந்த இடத்தைச் சொல்ல மிஞ்சியது பென்சிலும் தாளும்.

பணம் பற்றி நீட்ட விருப்பமில்லை. விலை ஏறும் என்று ஆசைகாட்டி யாரையும் ஓவியம் வாங்கவைக்க மாட்டேன். ஒன்று மட்டும் உண்மை. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வுபெற்றவர், பள்ளி ஆசிரியர், வங்கி குமாஸ்தா ஆகியோர் அசல் ஓவியம் வாங்கக்கூடிய இடம் காகிதம்தான். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிற ஒரு மாணவரின் கோட்டோவியத்தை இவர்களில் ஒருவர் வாங்கினால் அந்த மாணவர் அடுத்த மாதம் நல்ல தாள் வாங்குவார். ராணி மங்கம்மாள் மகாலில் இருக்கும் நம் அரசு அருங்காட்சியகத்தில், மங்கிய விளக்கும் இழுப்பறைகளுமாகக் காகிதத்துக்கென்று ஓர் அறை வேண்டும் என்று கேட்க நாலு பேர் கூடுவார்கள். கேட்கத்தான் வேண்டும். இந்த ஊர் ஓவியர்கள் வரைந்ததை இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்க்க விமானம் ஏறவேண்டியதில்லை.

பெரியப்பா வீட்டில் அந்தப் படம் பீரோவின் மேல், செய்தித்தாளில் சுற்றி இருந்தது. போன வாரம் கேட்டு எடுத்து வந்தேன். நேற்று பின்னட்டையைக் கழற்றிப் பருத்தி மவுண்டில் கீல்வைத்து முடித்தேன். மாட்டுவதற்கு ஓர் இடமும் பார்த்துவைத்திருக்கிறேன்: பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலுக்கு எதிரே உள்ள உள்சுவர். வெயில் அங்கே எட்டாது, குளியலறைச் சுவரும் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தால் அந்தக் கிழவர் பெரியப்பாவின் கண் மட்டத்துக்குப் படியேறி வருவார்.